ரூப்குண்ட்: முகவரி இல்லாத யாத்ரீகர்கள்

இமயமலை ஏரிக்கரையில் கிடக்கும் எலும்புகள் யாருடையவை? மரபணுக் கணக்கு ஒரு பதில் சொல்கிறது. அந்தப் பதிலை எப்படிப் படிப்பது என்பதுதான் இப்போதைய கேள்வி.

ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகை வரை பத்ரிநாத் போகிறவர்களுக்கும் ரூப்குண்ட் போகிறவர்களுக்கும் பாதை ஒன்றுதான். அங்கே அலக்நந்தாவோடு பிண்டார் நதி கலக்கிறது. பத்ரிநாத் பஸ்கள் வடக்கே போக, மற்றவர்கள் பிண்டாரை ஒட்டிக் கிழக்கே திரும்ப வேண்டும். தராலி, தேவால் என்று சின்னச் சின்ன கடைத்தெருக்கள். சாலை குறுகிக்கொண்டே போய் லோஹாஜங்கில் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பார்வதி ஓர் அசுரனோடு போரிட்ட இடம் என்கிறார்கள். கோயில் மணியை ஒரு முறை அடித்துவிட்டு மலையேறுவது வழக்கம்.

அடுத்த ஊர் வாண். பாதையில் கடைசி கிராமம். இங்குள்ள லாட்டு தேவதா கோயிலில் பூசாரி கண்ணையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். பக்தர்களுக்கு உள்ளே அனுமதியே கிடையாது. லாட்டு, நந்தா தேவியின் சகோதரன். இந்த மலைப்பகுதியில் எந்தக் கதையை எடுத்தாலும் கடைசியில் நந்தா தேவியிடம்தான் போய் நிற்கும்.

வாணுக்கு மேலே ஓக் மரக்காடு. காடு முடிந்ததும் ஆலி, பேத்னி புல்வெளிகள். மரமே இல்லாமல் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். எதிரே திரிசூல் சிகரமும் நந்தா குண்டியும். அதற்கும் மேலே பாதர் நச்சௌனி. பிறகு ஒரு பிள்ளையார், கறுப்புக் கல்லில்: களு விநாயக். பகுவாபாஸாவுக்கு அப்பால் புல்லும் கிடையாது, வெறும் கல்லும் பனியும்தான். மூச்சு வாங்க வாங்க ஏறினால் 5,029 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணம். அதன் அடியில் ஒரு குளம். ஏரி என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சுமார் 40 மீட்டர். வருஷத்தில் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். பனி உருகும் சில வாரங்களில் கரையோரக் கற்களுக்கிடையே மண்டையோடுகளும் தொடை எலும்புகளும் வெளியே வருகின்றன. ஒருவர் இருவருடையது அல்ல. பல நூறு பேருடையவை.

கீழே கிராமங்களில் கேட்டால் இதற்கு எப்போதோ பதில் தயார். கனோஜ் நாட்டு ராஜா ஜஸ்தவல், கர்ப்பிணியான ராணி, பரிவாரம், போதாக்குறைக்கு நாட்டியக்காரிகள் என்று ஒரு பெருங்கூட்டம் தேவி யாத்திரைக்குப் புறப்பட்டதாம். புனிதமான மலையில் ஆட்டமும் பாட்டமுமாகப் போனார்கள். பாதர் நச்சௌனியில் ஆடிய பெண்கள் அங்கேயே கல்லாகிப் போனார்கள். மீதிப்பேர் மேலே போனபோது தேவி இரும்புக் குண்டு போல ஆலங்கட்டியைப் பொழிந்தாள். யாரும் மிஞ்சவில்லை.

தேவி மீது பயம் மட்டும் அல்ல, பாசமும் உண்டு. சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் நந்தா தேவி ராஜ் ஜாத், பிறந்த வீட்டுக்கு வந்த மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற ஊர்வலம். நௌட்டி கிராமத்தில் தொடங்கி சுமார் 280 கிலோமீட்டர். சீர்வரிசையைச் சுமந்தபடி நான்கு கொம்பு ஆட்டுக்கடா முன்னே போகும். வழியனுப்பும் கிராமத்துப் பெண்கள் அழுவது நடிப்பு அல்ல. ஊர்வலம் ரூப்குண்டைத் தாண்டி, ஜியூன்ராகலி கணவாய் வழியாக ஹோம்குண்ட் வரை போகிறது. ஆட்டை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 2013 பெருவெள்ளத்தால் ஓராண்டு தள்ளிப்போய் 2014-ல் நடந்த யாத்திரையிலும் ஆயிரக்கணக்கானோர் எலும்புகளைக் கடந்துதான் நடந்தார்கள்.

வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்தது 1942-ல். ஹெச்.கே. மத்வால் என்ற வனத்துறை ரேஞ்சர் எலும்புகளைப் பார்த்துச் செய்தி சொன்னார். உலகப் போர் சமயம். இந்தியாவுக்குள் நுழைய முயன்ற ஜப்பானிய வீரர்களோ என்று பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குக் கவலை. எலும்புகள் ரொம்பப் பழையவை என்று தெரிந்ததும் கவலை தீர்ந்தது, ஊகம் ஆரம்பித்தது. 1841-ல் திபெத் மீது படையெடுத்த ஜெனரல் ஜோராவர் சிங்கின் வீரர்கள் என்றார்கள். இல்லை, முகமது பின் துக்ளக்கின் படை என்றார்கள். திபெத்துக்கு வியாபாரம் செய்யப் போனவர்கள் என்றும், கொள்ளைநோயில் இறந்தவர்கள் என்றும் ஆளுக்கொரு கதை. 1950களில் மானுடவியல் நிபுணர் டி.என். மஜும்தார், சுவாமி பிரணவானந்தா போன்றவர்கள் மேலே போய் எலும்பு, செருப்பு, மூங்கில் கம்பு என்று சேகரித்து வந்தார்கள். முடிவு மட்டும் கிடைக்கவில்லை.

2004-ல் ஒரு குழு போனபோது முதல்முறையாகக் கொஞ்சம் தெளிவு பிறந்தது. எலும்பின் வயது கிட்டத்தட்ட கி.பி. 850 என்று ஆக்ஸ்போர்டு கணக்கிட்டது. சில மண்டையோடுகளின் உச்சியில், ஆறாத காயம். உருண்டையான எதுவோ மேலிருந்து விழுந்த மாதிரி. வாளோ ஈட்டியோ அப்படி வெட்டாது. பாறை உருண்டு விழுந்திருந்தால் கை கால்களும் நொறுங்கியிருக்கும். அப்படியானால் ஆலங்கட்டி! கிராமத்துப் பாட்டே ஜெயித்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஒரே நாள், ஒரே புயல், ஒரே கூட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அப்போதே சிறு உறுத்தல் ஒன்றும் இருந்தது. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் எலும்புகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தபோது, சிலருடையது மகாராஷ்டிரத்துக் கொங்கணஸ்த பிராமணர்களுடன் ஒத்துப்போவதாகச் செய்தி வந்தது. கொங்கணத்திலிருந்து கார்வாலுக்கு யாத்திரை என்று உடனே கதை கட்டியாயிற்று. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவது. தாய், தாயின் தாய், அவள் தாய் என்று ஒற்றை வரிசை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். மைட்டோகாண்ட்ரியா அதில் ஒரே ஒரு பெண்மணியைப் பற்றித்தான் பேசும். மற்ற 1,023 பேரைப் பற்றி மூச்சு விடாது. அதை வைத்துக்கொண்டு ஒருவரின் ஜாதியைச் சொல்வது, ரயில் டிக்கெட்டின் ஒரு மூலையை வைத்துக்கொண்டு முழுப் பயணத்தையும் சொல்வது போலத்தான்.

முழு மரபணுத் தொகுதியையும் பார்க்கும் வேலை அதன் பிறகு நடந்தது. சி.சி.எம்.பி.யின் கே. தங்கராஜ், லக்னோ பீர்பால் சாஹ்னி நிறுவனத்தின் நீரஜ் ராய், ஹார்வர்டின் டேவிட் ரைக், ஈடன் ஹார்னி ஆகியோரும் இன்னும் பலரும் சேர்ந்த 28 பேர் குழு 2019 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டது. ஒரே கூட்டம் என்ற கதை அன்றோடு முடிந்தது.

38 பேரின் டி.என்.ஏ. கிடைத்திருந்தது. 23 ஆண்கள், 15 பெண்கள். அவர்கள் மூன்று தொகுதிகளாகப் பிரிந்தார்கள். 23 பேர் இன்றைய இந்தியர்களின் வரம்புக்குள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி மக்களைப் போல, குறிப்பாக கிரீஸ், கிரீட் தீவுக்காரர்களைப் போல. மீதி ஒருவர் தென்கிழக்கு ஆசியர்களைப் போல. போதாக்குறைக்குக் காலமும் ஒத்துவரவில்லை. முதல் 23 பேர் 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையில் இறந்தவர்கள். அவர்களிலேயே சிலரின் காலங்கள் ஒன்றோடொன்று சேர மறுத்தன. அதாவது ஒரே நாளில் செத்தவர்கள் அல்ல. மற்ற 15 பேர்? கிட்டத்தட்ட கி.பி. 1800. முதல் கூட்டத்துக்கும் இரண்டாம் கூட்டத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்.

உடனே டெலிபோன்கள் அலறியிருக்கும். அலெக்ஸாண்டரின் வாரிசுகள் இமயமலையில்! தலைப்பு தயார். ஆனால் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். 'கிரீட் தீவுக்காரர்களைப் போல' என்பதில் 'போல' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

எலும்பில் எழுத்து எதுவும் பொறித்திருக்கவில்லை. விஞ்ஞானிகள் பார்ப்பது மரபணுத் தொகுதியில் மனிதருக்கு மனிதர் வேறுபடக்கூடிய இடங்களை. இந்த ஆய்வு முறையில் அப்படிச் சுமார் 12 லட்சம் இடங்கள். பழைய எலும்பில் எல்லாம் கிடைக்காது, கிடைத்தவரை படிப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒருவருக்கு என்ன எழுத்து என்று குறித்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு நீண்ட எண் வரிசை. அதைக் கண்ணால் பார்த்து யாருக்கும் எதுவும் புரியாது. ஆகவே கணக்கு.

அதில் பிரபலமானது முதன்மைக் கூறு ஆய்வு. மாட்டு வண்டியின் நிழலைச் சுவரில் விழ வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நேர் முன்னால் விளக்கு வைத்தால் நிழல் ஒரு குறுகலான கட்டம், வண்டியா பெட்டியா என்று தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் சக்கரம், நுகத்தடி, மாடு எல்லாம் விரிந்து விழும். நிழல் அதிகம் விரிகிற கோணத்தைத் தேடுவதுதான் இந்தக் கணக்கின் வேலை. லட்சக்கணக்கான திசைகளில் விரிந்து கிடக்கும் வேறுபாட்டை இரண்டே திசைகளில் காகிதத்தில் விழ வைக்கிறது. ஆளுக்கு ஒரு புள்ளி. நெருங்கிய புள்ளிகள் நெருங்கிய மனிதர்கள் என்று தோன்றும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

எப்போதும் அல்ல. நிழலில் ஒட்டிக்கொண்டு தெரியும் மாட்டுக் கொம்பும் வண்டிக்காரன் தலைப்பாகையும் உண்மையில் தள்ளித்தள்ளி இருக்கலாம். இரண்டு கூட்டங்களின் நடுவே விழும் புள்ளி, அந்த இரண்டும் கலந்ததால் அங்கே விழுந்திருக்கலாம். கலப்பே இல்லாத மூன்றாவது கூட்டம் ஒன்றும் அதே இடத்தில் விழலாம். யாரை எத்தனை பேர் சேர்த்துக் கணக்குப் போட்டோம் என்பதைப் பொறுத்துக் கோணமே மாறும். 2022-ல் எரான் எல்ஹைக் என்ற ஆய்வாளர் இந்த முறையை வைத்து எடுத்த முடிவுகளை எல்லாம் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றே எழுதினார். அத்தனை கோபம் தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது. நிழலை நிழல் என்று தெரிந்து பார்க்கிறவனுக்கு அதனால் கெடுதல் இல்லை.

இந்த வம்பு புதிதும் அல்ல. 1978-ல் கவால்லி-ஸ்ஃபோர்சாவும் சகாக்களும் ஐரோப்பிய மக்களின் ரத்த வகை போன்ற விவரங்களை இதே முறையில் போட்டு வரைபடம் தயாரித்தார்கள். மேற்காசியாவிலிருந்து ஐரோப்பா நோக்கி அலை போல ஒரு சரிவு தெரிந்தது. விவசாயிகள் பரவிய தடம் என்றார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2008-ல், ஜான் நோவெம்ப்ரேயும் மாத்யூ ஸ்டீஃபன்ஸும் கம்ப்யூட்டரில் ஒரு கற்பனை உலகத்தை உருவாக்கினார்கள். அங்கே பெரிய இடப்பெயர்ச்சியே கிடையாது. பக்கத்து ஊர்க்காரர்களுக்குள் கொஞ்சம் அதிகமாகக் கொள்வினை கொடுப்பினை, அவ்வளவுதான். அதிலும் அதே அலைகள்! அலை கணக்கின் குணம், சரித்திரத்தின் தடம் அல்ல. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு பழங்கால எலும்புகளின் டி.என்.ஏ.வையே எடுத்துப் பார்த்தபோது மேற்காசிய விவசாயிகள் நிஜமாகவே ஐரோப்பாவுக்குப் போயிருந்தார்கள். விடை சரி, கணக்குப் போட்ட வழிதான் சரியில்லை.

ரூப்குண்டுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பாகிஸ்தானின் சித்ரால் பள்ளத்தாக்கில் இருக்கும் கலாஷ் இனத்தவர். அலெக்ஸாண்டரின் வீரர்களுடைய வாரிசுகள் என்று அவர்களைப் பற்றிக் கதை உண்டு. உலகின் 52 மக்கள் கூட்டங்களை எடுத்துக்கொண்டு 2002-ல் ஓர் ஆய்வு நடந்தது. 'இவர்களை ஆறு தொகுதிகளாகப் பிரி' என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால், ஆப்பிரிக்கர், கிழக்காசியர் போன்ற கண்டம் அளவுத் தொகுதிகளுக்கு நடுவே சில ஆயிரம் பேரே உள்ள கலாஷ் மக்களை அது ஆறாவது தொகுதியாக எடுத்து வைத்தது. அவர்கள் மனித குலத்தின் ஆறாவது கிளை என்று அர்த்தமா? இல்லை. தங்களுக்குள்ளேயே பல தலைமுறை மணம் செய்துகொண்ட சின்னக் கூட்டத்தில் சில மரபணு வடிவங்கள் தற்செயலாகப் பெருகிவிடும், சில காணாமல் போகும். கம்ப்யூட்டர் கண்ணுக்கு அது தனி இனம் போலப் படும். 2014-ல் ஒரு குழு கலாஷ் மரபணுவில் அலெக்ஸாண்டர் காலத்தையும் உள்ளடக்கிய பழைய கலப்பு ஒன்று தெரிவதாகச் சொன்னது. 2015-ல் வேறொரு குழு அப்படி எதற்கும் தடயம் இல்லை என்றது. ரத்தம் ஒன்றுதான், கணக்கு இரண்டு.

ரூப்குண்டின் 14 பேர் விஷயத்தில் ஆய்வாளர்கள் நிழலோடு நிற்கவில்லை. இன்றைய எந்த மக்களோடு வைத்தால் பிற எல்லா மக்களோடும் உள்ள உறவில் வித்தியாசமே தெரியாமல் போகிறது என்று வேறொரு சோதனை நடத்தினார்கள். கிரீட் தீவு மக்கள் அதில் தேறினார்கள். ஆனால் தேர்வு எழுதியவர்களில்தான் ஒருவர் தேற முடியும். ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருந்தது இன்றைய மக்கள் சிலரின் மாதிரிகள். 1800-ல் கிழக்கு மத்தியதரைக்கடல் ஒட்டோமான் சாம்ராஜ்யம். அங்கே இருந்த எல்லாச் சமூகங்களின் மாதிரியும் யாரிடமும் இல்லை. கிரீட்டிலிருந்து வந்தார்கள் என்பதை விட, ஒட்டோமான் ஆட்சிப் பகுதியில் எங்கோ பிறந்தவர்களாக இருக்கலாம் என்று சொல்வது பொருத்தம். ஆய்வாளர்களும் அப்படித்தான் எழுதினார்கள்.

அலெக்ஸாண்டர் கதை எப்படி அடிபடுகிறது என்பது சுவாரசியம். பழைய இந்தோ-கிரேக்கர்களின் வாரிசுகள் இரண்டாயிரம் ஆண்டுகள் இந்த மண்ணிலேயே இருந்திருந்தால், கொஞ்சமாவது இந்தியக் கலப்பு இருந்தே தீரும். புள்ளிகள் மத்தியதரைக்கடலிலிருந்து இந்தியா நோக்கி இழுபட்டிருக்கும். 14 பேரில் ஒருவர்கூட இழுபடவில்லை. எலும்பில் உள்ள கார்பன், நைட்ரஜன் அளவைக் கொண்டு சாப்பாட்டையும் பார்த்தார்கள். கோதுமை, பார்லி, அரிசி போன்ற தானியம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கடல் மீன் அதிகம் தின்றதற்கு அடையாளம் இல்லை. தீவுக்காரனுக்கு இது கொஞ்சம் விசித்திரம். உள்நாட்டில் எங்கோ வளர்ந்தவர்களாக இருக்கலாம்.

ஆய்வகத்தில் எலும்புகள் இடம் மாறிக் கலந்துபோயிருக்குமோ? யாருக்கும் முதலில் எழும் சந்தேகம் இது. ஆனால் சுமார் 1800-ல் செத்த, ஆணும் பெண்ணுமாக, ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவில்லாத 14 மத்தியதரைக்கடல்காரர்களின் எலும்பு இந்திய ஆய்வகத்துக்குத் தற்செயலாக வேறு எங்கிருந்து வரும்? ஏரியில் கிடைத்தவை என்று ஒப்புக்கொள்வதுதான் எளிது. அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது வேறு விஷயம். கார்வாலின் கணவாய்களில் வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று செத்ததாக எந்த ஆவணமும் இதுவரை கிடைக்கவில்லை. அவர்கள் கும்பிட்ட கடவுள், பேசிய மொழி, செய்த தொழில், கூட வந்த அந்த ஒற்றைத் தென்கிழக்கு ஆசியர் யார் என்பதெல்லாம் 12 லட்சம் எழுத்துகளில் ஓர் எழுத்தில்கூட இல்லை.

உண்மையில் எனக்கு அதிகம் பிடித்தது அந்த 23 இந்தியர்கள்தான். வெளிநாட்டுக்காரர்களின் பரபரப்பில் அவர்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இந்தியர்களின் டி.என்.ஏ.வை நிழலாக விழ வைத்தால் ஒரு சாய்கோடு தெரியும். மேற்கு யூரேசியாவோடு உறவு அதிகம் உள்ளவர்கள் ஒரு பக்கம், குறைவானவர்கள் மறுபக்கம். ரூப்குண்ட் 23 பேரும் கோட்டில் ஒரே இடத்தில் குவியவில்லை. நெடுகச் சிதறிக் கிடந்தார்கள். நெருங்கிய உறவினர் என்று எந்த ஜோடியும் இல்லை. சிலர் கம்பு, தினை மாதிரிப் புன்செய் தானியம் தின்றவர்கள், சிலர் அரிசி, கோதுமைக்காரர்கள். பெண்களும் கணிசம். ஒரு ராஜாவின் குடும்பம் என்றோ ஒரு படை என்றோ சொல்ல இது இடம் கொடுக்கவில்லை. பல இடங்களிலிருந்து, பல ஜாதிகளிலிருந்து, வெவ்வேறு காலங்களில் மலையேறியவர்கள். ராஜ் ஜாத் பாதையில் உள்ள கோயில்களின் கல்வெட்டுகள் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலானவை. யாத்ரீகர்கள் என்ற ஊகம் இந்த எல்லாவற்றோடும் ஒத்துப்போகிறது. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். மறுக்க எதுவும் இல்லை என்று சொல்லலாம்.

இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. கோட்டின் ஒரு முனையில் விழுந்தவர் பஞ்சாப்காரர், மறுமுனையில் விழுந்தவர் தெற்கத்திக்காரர் என்று முகவரி எழுத முடியாது. ஏனென்றால் இந்தியாவில் ஒரே கிராமத்தின் இரண்டு தெருக்கள் கோட்டில் தள்ளித்தள்ளி விழும். ஊர் ஒன்று, கிணறு வேறு, கொள்வினை கொடுப்பினை வேறு. ஐரோப்பாவில் இந்த நிழல் ஓரளவு பூகோளப் படத்தை ஒத்திருக்கிறது. இங்கே அது பூகோளமும் ஜாதியும் பின்னிக்கிடக்கும் படம்.

அந்தச் சாய்கோட்டின் கதையே தனி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற தங்கராஜும், சி.சி.எம்.பி.யின் அப்போதைய இயக்குநர் லால்ஜி சிங்கும் ரைக்குடன் சேர்ந்து 25 இந்தியச் சமூகங்களை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலான இந்தியர்கள் இரண்டு பழைய மக்கள் கூட்டங்களின் கலப்பு. அதில் ஒன்றின் பங்கு 39 முதல் 71 சதவீதம் வரை. அந்தக் கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது? முதலில் 'மேற்கு யூரேசியர்' என்று எழுதியபோது இந்திய விஞ்ஞானிகள் ஒப்பவில்லை, வெளியிலிருந்து வந்தவர்கள் என்று இந்தத் தரவு நேரடியாகச் சொல்லவில்லையே என்றார்கள் என்று 2018-ல் வெளியான தன் புத்தகத்தில் ரைக்கே எழுதியிருக்கிறார். பேசிப் பேசி 'ஆதி வட இந்தியர்', 'ஆதி தென் இந்தியர்' என்று பெயர் வைத்தார்கள். கணக்கில் அது ஒரு குறியீடு. பெயர் வைத்ததும் அதற்கு உடம்பு வந்துவிட்டது, ஊர் வந்துவிட்டது, கொஞ்ச நாளில் கட்சியும் வந்துவிட்டது. 2013-ல் இதே குழுவினர், 73 சமூகங்களை வைத்து, கலப்பு நடந்த காலம் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. ஜாதிக்குள்ளேயே திருமணம் என்ற வழக்கம் இறுகியது. இதைப் பற்றி மேடையில் யாரும் அதிகம் பேசக் காணோம்.

ஹரியானாவின் ராக்கிகடியில் நடந்ததும் நினைவிருக்கும். 61 எலும்பு மாதிரிகளில் முயன்று, ஒரே ஒரு பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. சிந்து சமவெளிக் காலத்தவர். அவளிடம் புல்வெளி மேய்ச்சல் மக்களின் அம்சம் இல்லை. 2019 செப்டம்பரில் இதை வெளியிட்டபோது, ஆரியர் வரவே இல்லை என்பதற்கு இதுவே சாட்சி என்று டெல்லியில் ஒரு தரப்பு அறிவித்தது. அவள் காலத்தில் அந்த அம்சம் இங்கே வந்து சேரவில்லை என்பதற்குத்தான் இது சாட்சி என்றது இன்னொரு தரப்பு. அதே வாரம், 523 பழங்கால மனிதர்களை ஆராய்ந்து, ஆசிரியர்களில் சிலர் இரண்டிலும் பொதுவாக இருந்த மற்றொரு கட்டுரை வெளியானது. அந்த அம்சம் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே தெற்காசியாவுக்கு வந்ததாக அது சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு இல்லை. சேர்த்துப் படித்தவர்கள்தான் குறைவு.

ஆனால் வெறும் சரித்திரச் சண்டையோடு இது நிற்பதில்லை. 2017-ல் இதே கணக்கு வழியில் 260-க்கும் மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களை ஆராய்ந்தபோது, 81 சமூகங்கள் மிகச் சிலரிலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. அப்படிப்பட்ட கூட்டங்களில் அரிய பரம்பரை நோய்கள் திரும்பத் திரும்ப வரும். ஆந்திர, தெலங்கானா வைசியர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒருவகை மருந்து உடம்பில் சிதையாது, மூச்சு திரும்ப வெகுநேரம் ஆகும். மயக்க மருந்து டாக்டர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரிந்த விஷயம். காரணம், ரூப்குண்ட் எலும்பில் தேடியதே போன்ற ஒற்றை எழுத்து மாற்றம். அங்கே புள்ளிகளைச் சரியாகப் படிப்பதும் தவறாகப் படிப்பதும் ஆபரேஷன் மேஜையில் தெரியும்.

மலைக்குத் திரும்பினால், எலும்புகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டிருக்கின்றன. சுற்றுலாக்காரர்கள் மண்டையோடுகளைப் பாறை மேல் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்தார்கள். சிலர் ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டார்கள். எது எங்கே கிடந்தது, எந்தத் தலை எந்த உடம்புக்கு உரியது என்ற விவரம் எப்போதோ தொலைந்துவிட்டது. டி.என்.ஏ. கிடைத்த 38 பேர் பல நூறு பேரில் ஒரு சிறு பகுதி. அதுவும் விதிப்படி பொறுக்கியெடுத்த மாதிரி அல்ல, மிஞ்சியதில் கைக்கு அகப்பட்டது. 23-க்கு 14 என்ற விகிதம் ஏரிக்கும் பொருந்தும் என்று நினைக்க ஆதாரம் கிடையாது. இன்னும் பனிக்கடியில் இருப்பவர்களில் நாலாவது தொகுதி ஒன்று இருந்தாலும் ஆச்சரியமில்லை.

2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புல்வெளிகளில் இரவு தங்குவதற்குத் தடை விதித்தது. காரணம் எலும்புகள் அல்ல. கூடாரங்களும் குப்பையும் புல்லை அழித்ததுதான். பேத்னியில் தங்காமல் ஒரே நாளில் ரூப்குண்ட் போய்த் திரும்புவது பெரும்பாலானோருக்கு ஆகாத காரியம். வாண், லோஹாஜங்கின் வழிகாட்டிகளும் கோவேறு கழுதைக்காரர்களும் பிழைப்புக்கு வேறு மலைப்பாதைகளைத் தேட வேண்டியதாயிற்று. போகத் துணிகிறவர்கள் முதலில் தேவாலில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் அப்போதைய விதி என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது. பனி உருகி எலும்பு தெரியும் காலம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். களு விநாயக்கைத் தாண்டி மத்தியானத்துக்கு மேல் அங்கே நிற்க வேண்டாம் என்பார்கள் வாண்காரர்கள். அந்த நேரத்தில்தான் ஆலங்கட்டி விழும்.